எட்டு வயதில், வேறொரு நாட்டிலிருந்து வரும் பிள்ளை

கேள்வி சுருக்கமாக இது. 9 வயது மகன் இருக்கும் ஒரு தம்பதி, வேறொரு நாட்டின் காப்பகத்தில் வளரும் 7 அல்லது 8 வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கிறார்கள். "அந்த வயதில் வரும் பிள்ளை எங்களோடு ஒட்டுமா? நாங்கள் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். மகனிடம் இன்னும் இந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒட்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பது இதற்குத்தான். தத்தெடுக்கப்போகும் குடும்பங்களைத் தயார்செய்வதும், பிள்ளை வந்தபிறகு அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. ஏழு வயதில், பத்து வயதில், பதின்மூன்றில் வந்து அந்த வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டாமல் போன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் அன்புக்குக் குறைவு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை ஏற்பதில்தான் தடுமாறினார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நினைவு இருக்கிறது. தன்னை யார் குளிப்பாட்டினார்கள், யார் அடித்தார்கள், எந்தப் பாட்டைக் கேட்டுத் தூங்கினோம், யாரை விட்டுவிட்டு வந்தோம் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். உங்கள் தயாரிப்பு முழுவதையும் அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் இன்றைய நிலவரம். 2004-ல் அமெரிக்காவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 23,000 குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து தத்து வந்தார்கள். 2023-ல் அந்த எண்ணிக்கை 1,300-ஐக்கூடத் தொடவில்லை. எத்தியோப்பியா 2018-ல் வெளிநாட்டவர் தத்தெடுப்பதைத் தடை செய்தது. சீனா 2024-ல், உறவினர் தத்தெடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கதவை மூடிவிட்டது. ரஷ்யா 2013 தொடக்கத்திலிருந்து அமெரிக்கர்களுக்குப் பிள்ளைகளைக் கொடுப்பதில்லை. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை நெறிப்படுத்த 1993-ல் உருவான ஹேக் உடன்படிக்கை ஒரு வரிசையை வகுத்திருக்கிறது: பிறந்த குடும்பத்திலேயே பிள்ளை வளர முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சொந்த நாட்டில் வேறொரு குடும்பம், அதுவும் கிடைக்காதபோதுதான் வெளிநாடு. எல்லா நாட்டிலும் தத்தெடுக்க வருகிறவர்கள் கைக்குழந்தையைத்தான் தேடுகிறார்கள். அதனால் வெளிநாட்டுக் குடும்பத்துக்காகக் காத்திருப்பவர்களில் வளர்ந்த பிள்ளைகளும், பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கைகளும், உடல்நலத் தேவை உள்ளவர்களும்தான் அதிகம். உங்கள் விருப்பம் நிஜமான தேவை இருக்கும் இடத்தைத்தான் நோக்கியிருக்கிறது.

சரி, இனி ஆவணங்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

காப்பகங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், சிறை, குடி, மறுமணம் என்று பல காரணங்களால் பிள்ளை அங்கே வந்து சேர்ந்திருக்கும். கோப்பில் "அநாதை" என்று ஒரு சொல் இருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. நெதர்லாந்து அரசு நியமித்த விசாரணைக் குழு ஒன்று, 1967 முதல் 1998 வரை இலங்கை, இந்தோனேசியா, வங்கதேசம், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்தது. போலி ஆவணங்களும் பணத்துக்குப் பிள்ளை விற்பனையும் நடந்தன, அரசுக்கு அது தெரிந்தே இருந்தது என்று அந்தக் குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் 2025 மார்ச்சில், பெற்றோர் இருந்த குழந்தைகள் அநாதைகளாகப் பதிவாகி வெளிநாடு அனுப்பப்பட்டதையும், அரசு அதைத் தடுக்கத் தவறியதையும் வெளிப்படையாகச் சொன்னது. அப்படிப் போனவர்களில் பலர் இன்று ஐம்பது வயதில் தங்கள் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கைக்குழந்தையால் தன் கதையைச் சொல்ல முடியாது. எட்டு வயதுப் பிள்ளையால் முடியும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பிள்ளையிடம், தனியாக, அவளுடைய மொழியில், யார் உட்கார்ந்து பேசினார்கள்? அவள் என்ன சொன்னாள்? அது எழுத்தில் இருக்கிறதா? "அம்மா கூலி வேலைக்குப் போயிருக்கிறாள், திரும்பி வருவாள்" என்று பிள்ளை சொல்லி, கோப்பில் தாய் இறந்துவிட்டாள் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். எவ்வளவு செலவாகியிருந்தாலும், அந்தப் புகைப்படத்தோடு எவ்வளவு தூரம் மனம் ஒட்டியிருந்தாலும் நின்றுவிடுங்கள்.

இதை ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் தொடர்ந்து பார்த்து வந்த ஒரு வீட்டில், பிள்ளை வந்து ஏழாவது மாதம், புது மொழி ஓரளவு வாயில் வந்தபிறகு, ஒரு நாள் இரவு கேட்டாளாம்: "எனக்குப் படிப்பு முடிய இன்னும் எத்தனை வருடம்? முடிந்ததும் நான் ஊருக்குப் போகலாமா, இல்லை அம்மா இங்கே வருவாளா?" படிக்க வைக்க அழைத்துப் போகிறார்கள் என்றுதான் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தத்து என்ற சொல்லின் முழுப் பொருள் அவள் தாய்க்கும் புரிந்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பெற்றோர் நல்லவர்கள். தாயைத் தேடிக் கண்டுபிடித்து இன்றுவரை தொடர்பில் இருக்கிறார்கள். ஆனால் அன்றிரவு அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

ஹேக் உடன்படிக்கையின் 4-வது பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அவளுக்கு விளக்கம் கொடுத்து, அவள் விருப்பத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறது. அவள் சம்மதம் தேவைப்படும் இடத்தில் அது பணத்தாலோ பரிசாலோ வாங்கியதாக இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. காகிதத்தில் இது எளிது. உண்மையில், இருபது பேர் ஒரே அறையில் தூங்கும் இடத்தில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் "உனக்கு அப்பா அம்மா வேண்டுமா?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்? எதற்குச் சம்மதித்தோம் என்பது அவளுக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் புரியும். அதனால் அவளை அழைத்துவரப் போவதற்கு முன்பே ஒரு படத் தொகுப்பு அனுப்புங்கள். அதில் விடுமுறைக் கொண்டாட்டங்களும் பொம்மைக் குவியலும் வேண்டாம். அவள் படுக்கப்போகும் கட்டில், குளியலறை, தெரு, பள்ளி வாசல், நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் காலை நேரம், வாசலில் வந்து நிற்கும் பூனை இவற்றை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் மொழியில் ஒரு வரி. அந்தத் தொகுப்பைக் கிழிந்துபோகும் வரை கையில் வைத்திருந்த பிள்ளைகள் உண்டு.

அடுத்து, எல்லோரும் கேட்கும் வயதுக் கணக்கு. எத்தனை வயதில் வருகிறாள் என்பதைவிட, முதல் மூன்று வருடம் எங்கே யாரிடம் இருந்தாள் என்பது முக்கியம். ஐந்து வயது வரை பாட்டியிடம் வளர்ந்து, பாட்டி இறந்தபின் மூன்று வருடம் காப்பகத்தில் இருந்த பிள்ளை, ஒருவரை நம்பிப் பற்றிக்கொள்வது எப்படி என்று ஏற்கெனவே கற்றவள். அவளுக்குத் துக்கம் அதிகமாக இருக்கும், பாட்டியைப் பெயர் சொல்லி அழுவாள். அந்த அழுகையைக் கண்டு பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. பிறந்ததிலிருந்தே பெரிய காப்பகத்தில், ஷிஃப்ட் மாறும் ஆயாக்களின் கையில் வளர்ந்த பிள்ளை அழாமல் இருக்கலாம், முதல் நாளே உங்கள் மடியில் வந்து உட்காரலாம். அதே போல் யார் மடியிலும் உட்காருவாள், பூங்காவில் அறிமுகமில்லாதவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். "எவ்வளவு பாசமான பிள்ளை" என்று உறவினர்கள் மகிழ்வார்கள். நீங்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் நீண்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 1989-ல் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபின் ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அங்குள்ள காப்பகங்களிலிருந்து, பிரிட்டனுக்குத் தத்து வந்த 165 குழந்தைகளை, மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தலைமையில் தொடங்கிய ஆய்வுக் குழு இளமைப் பருவம் தாண்டியும் தொடர்ந்து பார்த்தது. ஆறு மாதத்துக்கும் குறைவாகக் காப்பகத்தில் இருந்தவர்கள், பிரிட்டனுக்குள்ளேயே தத்துப் போனவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதைவிட அதிக காலம் இருந்தவர்களில் பலருக்குக் கவனக்குறைவும், அறிமுகமில்லாதவரிடம் வரம்பில்லாமல் பழகுவதும் பெரியவர்களான பிறகும் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒரு பங்கினர் எந்தக் கட்டத்திலும் எந்தச் சிக்கலும் இல்லாமல் வளர்ந்திருந்தார்கள். இதை அப்படியே உங்களுக்கு வரப்போகும் பிள்ளையின் ஜாதகமாக வாசித்துவிடக்கூடாது. அந்தக் குழந்தைகள் எல்லோரும் நான்கு வயதுக்குள் வந்தவர்கள், அந்தக் காப்பகங்களின் நிலைமையோ மிகக் கொடுமையானது. ஆனாலும் கோப்பை வாங்கியதும், பிறந்த தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் "காப்பகத்தில் சேர்ந்த தேதி" என்ற கட்டத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது வேறு காப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை சொல்வாள், ஆனால் அதற்குள் கையெழுத்தாகிவிட்டிருக்கும்.

இப்போது மொழி. பெற்றோர்கள் மிகக் குறைவாக யோசிப்பது இதைத்தான், பிள்ளைக்கு மிக அதிகமாக வலிப்பதும் இதுதான்.

போவதற்கு முன் அவள் மொழியில் இருநூறு வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். வணக்கமும் நன்றியும் பிறகு வரட்டும். வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, பசிக்கிறதா, கழிவறை, பயப்படாதே, போதும், நிறுத்து, நாளைக்கு, நான் திரும்பி வருவேன், இது உன்னுடையது. கடைசி இரண்டும் தினமும் தேவைப்படும். அவள் மொழி பேசுகிற ஒருவர் முதல் மூன்று மாதமாவது தொலைபேசியில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சில பிள்ளைகள் தங்கள் மொழியைப் பேசுகிறவர் வீட்டுக்கு வந்ததும் ஒளிந்துகொள்வார்கள், திருப்பி அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று. அதனால் அவர் யார், எதற்கு வருகிறார், எப்போது கிளம்பிவிடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேசாமல் இருந்தால் தாய்மொழி மங்கும் வேகம் உங்களைத் திடுக்கிட வைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரு வருடத்துக்குள் வாக்கியம் கோக்க வராமல் போகலாம். மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களானபின் பாரிஸில் பரிசோதித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், கொரிய மொழியைக் கேட்டபோது அவர்கள் மூளை, அந்த மொழியே தெரியாத பிரெஞ்சுக்காரர்களின் மூளையைப் போலத்தான் நடந்துகொண்டது. ஆனால் 2014-ல் கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வில், ஏறக்குறைய ஒரு வயதில் சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளுக்குச் சீன மொழியின் தொனிகளைக் கேட்க வைத்தபோது, ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே அதை வாங்கிக்கொண்டது. இரண்டும் வேறு வேறு விதமான சோதனைகள், ஒன்றை வைத்து மற்றதைத் தள்ள முடியாது. எனக்கு இரண்டாவதைப் படித்த நாளிலிருந்து ஒரு பழக்கம்: குடும்பங்களிடம், அவள் மொழிப் பாட்டுகளையாவது வீட்டில் ஓடவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். மொழியை முழுதாகக் காப்பாற்ற எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. வாரம் ஒரு முறை அந்த மொழி பேசும் ஒருவரோடு விளையாட வைப்பது முடியும்.

மொழி மங்கும்போது அந்த மொழியில் இருந்த நினைவையும் சொல்ல முடியாமல் போகிறது. புது மொழி இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, பழையது நழுவிவிட்டது. இடையில் சில மாதங்கள் பிள்ளைக்கு எந்த மொழியும் இல்லாதது போல இருக்கும். காரணமில்லாத கோபமும், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். ஆகவே முதல் வாரங்களிலேயே, அவளாகச் சொல்லும்போது, சொன்னதைச் சொன்னபடி எழுதியோ பதிவு செய்தோ வையுங்கள். துருவிக் கேட்க வேண்டாம். அவளுடைய காப்பகத்தின் வாசல், சிநேகிதியின் பெயர், சமையல்கார அம்மா எப்படிச் சிரிப்பாள் என்பதெல்லாம் பதினைந்து வயதில் அவள் உங்களிடம் கேட்கப்போகிற விஷயங்கள்.

அதே முதல் வாரங்களில் இன்னொன்றும் செய்ய வேண்டும்: அவள் தாய்மொழியிலேயே ஒரு கல்வி மதிப்பீடு. எழுத்து தெரியுமா, கணக்கு எவ்வளவு வரும், கதை சொன்னால் தொடர்கிறாளா என்று அந்த மொழி தெரிந்த ஆசிரியரோ உளவியலாளரோ பார்க்கட்டும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால், பள்ளியில் தடுமாறும்போது அது புது மொழியின் தடுமாற்றமா, கற்றல் குறைபாடா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கனடாவைச் சேர்ந்த மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் நாற்பது வருடத்துக்கு முன்பே காட்டிய வேறுபாடு இங்கே உதவும். பேச்சு மொழி இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் வகுப்பின் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். விளையாட்டுத் திடலில் பொரிந்து தள்ளும் பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள முடியாமல் உட்கார்ந்திருப்பாள். "நன்றாகத்தான் பேசுகிறாள், சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிடுவார்கள். அவளைச் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் இந்த ஐந்து, ஏழு வருடக் கணக்கைச் சொல்லுங்கள், ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியரிடம் திரும்பச் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன நடக்கும்? முதல் ஆறு வாரமோ மூன்று மாதமோ, பல பிள்ளைகள் ஆச்சரியப்படும்படி அடக்கமாக இருப்பார்கள். சொன்னதைச் செய்வார்கள், தட்டைக் கழுவி வைப்பார்கள். விருந்தாளியின் மரியாதை அது. பிறகு ஒரு நாள் உடையும். பொய், திருட்டு, "நீ என் அம்மா இல்லை", கதவை அறைவது. உங்களுக்கு இடி விழுந்தது போல இருக்கும். அவளுக்கோ, எதைச் செய்தால் இவர்கள் என்னைத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் விளையாட்டுக்காகக்கூட "உன்னை அனுப்பிவிடுவேன்" என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, தாத்தா பாட்டி உட்பட. தண்டனையாகத் தனி அறைக்கு அனுப்புவதும் இந்தப் பிள்ளைகளிடம் எதிர்மாறாக வேலை செய்யும். தனியாக விடப்படுவது அவளுக்குப் பழகிய பழைய துன்பம். பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, நீங்கள் செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் கையில் கொடுங்கள்.

உணவை ஒளித்து வைப்பாள். தலையணைக்கு அடியில், பைக்குள், அலமாரியின் பின்னால். இதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். மூடியுள்ள ஒரு டப்பாவை அவளிடம் கொடுத்து, இது எப்போதும் நிரம்பியிருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் அது காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள்கூட. நான் பார்த்த ஒரு பையன் பதினோரு மாதம் அந்த டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைத்துத் தூங்கினான். பிறகு ஒரு நாள் அதில் கோலிக்குண்டுகள் இருந்தன.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. தடுப்பூசி அட்டையை அப்படியே நம்பாமல், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்ப்பதா, ஊசிகளை மறுபடி போடுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காசநோய், கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி., சிஃபிலிஸ், குடற்புழு, இரும்புச்சத்து, ஈயம், காது, கண் எல்லாவற்றையும் வந்ததும் புதிதாகப் பார்க்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையை மூன்று முதல் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. பிறந்த தேதி பல நாடுகளில் ஊகம்தான். வந்தவுடன் பல்லையும் எலும்பையும் வைத்து வயதைத் திருத்த அவசரப்படாதீர்கள். சத்துக் குறைவில் வளர்ச்சி பின்தங்கியிருக்கும், நல்ல சாப்பாடு கிடைத்ததும் ஒரே வருடத்தில் படிக்கட்டு ஏறுவது போல வளர்வார்கள். பெண் பிள்ளை என்பதால் ஒன்று: வெளிநாட்டிலிருந்து தத்து வந்த பெண்களுக்குப் பூப்பு வழக்கத்தைவிட முன்கூட்டியே தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்று டென்மார்க்கில் 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டு வயதில் அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். அதைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே பேசவும் வேண்டும், அவள் மொழி தெரிந்த ஒரு பெண் உடனிருந்தால் நல்லது.

பெயரை மாற்றாதீர்கள். எட்டு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவள். உங்கள் குடும்பப் பெயரைச் சேருங்கள், அது போதும்.

குடியுரிமை வேலையை முதல் வருடத்திலேயே முடித்து, சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் 2000-ல் நிறைவேறிய சட்டம் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை கொடுத்தது, ஆனால் அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயதைத் தாண்டியிருந்தவர்களை விட்டுவிட்டது. பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டதால், குழந்தையாக வந்தவர்களில் சிலர் நடுவயதில், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இனி உங்களைப் பற்றி. வந்த பிள்ளை மேல் உடனே பாசம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் மாதங்களில் பல தாய்மார்கள் என்னிடம் மெதுவான குரலில் சொல்வது, "வேறு யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல இருக்கிறது, எனக்கு என்ன ஆயிற்று?" என்பதுதான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு வயதில் வந்த ஒருவரோடு பழகிப் பழகித்தான் நேசம் வரும், இரண்டு பக்கமும் அப்படித்தான். அதுவரை தினமும் ஒரே நேரத்தில் எழுப்புவது, சாப்பிட வைப்பது, தலை வாரிவிடுவது, தூங்கும் முன் பக்கத்தில் உட்கார்வது ஆகியவற்றை விடாமல் செய்யுங்கள். ஆனால் தூக்கமே வராமல், காலையில் எழுந்திருக்கவே முடியாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரிடம் போங்கள். தத்தெடுத்த பெற்றோருக்கும் மனச்சோர்வு வரும், பெற்றெடுத்தவர்களுக்கு வருவது போலவே.

தோற்றுப்போவதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பிள்ளை வரும்போது வயது கூடக்கூட, தத்து முறிந்துபோகும் அபாயமும் கூடுகிறது. இதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. 2010-ல் ஓர் அமெரிக்கத் தாய், தான் தத்தெடுத்த 7 வயதுச் சிறுவனைக் கையில் ஒரு கடிதத்தோடு தனியாக மாஸ்கோ விமானத்தில் ஏற்றி அனுப்பினார். 2013-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், சமாளிக்க முடியாத பெற்றோர் தத்துப் பிள்ளைகளை இணையக் குழுக்களில் முன்பின் தெரியாதவர்களிடம் கைமாற்றிவிட்டதை வெளிக்கொண்டு வந்தது. அப்படிப் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பெற்றோரும் தொடக்கத்தில் உங்களைப் போல ஆசையோடுதான் கிளம்பியிருப்பார்கள். உதவி கேட்கும் நாள் வரும் என்று இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பகப் பின்னணி உள்ள பிள்ளைகளோடு வேலை செய்த ஓர் உளவியலாளரை, பிள்ளை வருவதற்கு முன்பே சந்தித்துப் பேசி வையுங்கள். நெருக்கடி வந்தபிறகு தேடினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக உங்கள் மகன். நீங்கள் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன இந்த விஷயத்தில்தான் எனக்குக் கவலை. 9 வயதுப் பையனும் 8 வயதுப் பெண்ணும் கிட்டத்தட்ட இரட்டையர்களாகிவிடுவார்கள். ஒரே பள்ளி, பக்கத்து வகுப்பு, ஒவ்வொரு நாளும் ஒப்பீடு. வீட்டில் இருக்கும் பிள்ளையைவிட வரும் பிள்ளை குறைந்தது இரண்டு வயதாவது இளையவளாக இருக்கட்டும் என்று இந்த வேலையில் இருக்கும் பலர் சொல்வோம். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை, விதிவிலக்காக நன்றாக அமைந்த வீடுகளும் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 6 வயதை யோசிப்பேன், அல்லது மகனுக்குப் பத்து, பதினொன்று ஆகும்வரை பொறுப்பேன். ஆவண வேலையே ஒன்றிரண்டு வருடம் இழுக்கும் என்பதால் பொறுப்பது பெரிய சிரமமாகவும் இருக்காது. எந்த வயதானாலும் இரண்டு பேருக்கும் தனித்தனி அறை வேண்டும். முதல் வருடம் இருவரையும் பெரியவர்கள் கண்காணிப்பு இல்லாமல் தனியாக விட வேண்டாம். அவளுக்கு முன்பு என்ன நடந்தது என்பது கோப்பில் முழுதாக இருக்காது. தன்மேல் நடந்ததைச் சில பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளிடம் நடித்துக் காட்டுவதும் உண்டு. அது அவள் குற்றமாகாது. ஆனால் உங்கள் மகனின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான்.

தத்து ஏஜென்சிக்குத் தொலைபேசி செய்வதற்கு முன் அவனிடம் பேசுங்கள். அனுமதி கேட்பது போலக் கேட்க வேண்டாம், அந்தப் பாரம் ஒன்பது வயதுக்குப் பெரிது. நாங்கள் இப்படி யோசிக்கிறோம், உனக்கு இதில் எது பிடிக்காது என்று கேளுங்கள். "என் பொம்மைகளைத் தொடுவாளா", "நீங்கள் அவளை அதிகமாகக் கொஞ்சுவீர்களா" என்று வரும். ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள், எதையும் உடனே சமாதானம் சொல்லி மூட வேண்டாம். அவள் தொடக்கூடாத ஓர் அலமாரி அவனுக்கு இருக்கலாம். வாரத்தில் ஒரு மாலை அவனும் நீங்களும் மட்டும் வெளியே போவது, அவள் வந்தபிறகும் நிற்காது என்று இப்போதே வாக்குக் கொடுத்து, இந்த வாரத்திலிருந்தே தொடங்குங்கள். இரண்டு மாதம் கழித்து அவனிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அப்போது அவன் சொல்வதைக் கேட்டபிறகு விண்ணப்பத்தை நிரப்பலாம்.